விரல் படாமல் ஓட வேண்டிய என்ஜின்

சிப்காட் கேட் பின்னால் போய்விட்டது. நான் ஆலப்பாக்கத்தைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். தோளில் துணிப்பை. கையில் இன்னொரு பை, அதைவிடக் கனம். அதற்குள் பழைய லுங்கியில் சுற்றிய ரயில் என்ஜின் ஒன்று இருந்தது. முழு என்ஜின் இல்லை. சட்டமும் சக்கரமும் சிலிண்டரும் ஆகியிருந்தன. மேலே பாய்லரும் கூரையும் இனிமேல்தான்.

காண்ட்ராக்ட் ஆட்களை அவ்வப்போது பிரேக் என்று சொல்லி வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள். அன்று என் முறை வந்தது. வேலை போனால் ரூமும் போகும். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, இதற்கு முன்னும் போயிருக்கிறது. பஸ்ஸில் ஏறியிருக்கலாம். நிற்கவே இடமில்லாத பஸ்ஸில் யாராவது பை மேல் சாய்ந்தால் சக்கரங்களைச் சேர்க்கும் கம்பி வளைந்துவிடும். அதனால் நடந்தேன். ஆலப்பாக்கத்தில் ஒரு மினி லாரிக்காரர் நிறுத்தி ஏற்றிக்கொண்டார். சிதம்பரம் வரை தவிட்டு மூட்டை மேல் உட்கார்ந்து, என்ஜினை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

நான் ஒன்பதாவதோடு நின்றவன். ஓட்டல், சூளை, லாரி கிளீனர் என்று சுற்றியதில் ஒருமுறை மராட்டியப் பக்கம் ஒரு சர்க்கரை ஆலையில் பெயிண்ட் வேலை கிடைத்தது. ஆலை வாசலில் பழைய நீராவி என்ஜின் ஒன்றைக் காட்சிக்கு நிறுத்தியிருந்தார்கள். ஒரு காலத்தில் கரும்பு இழுத்தது. தண்டவாளத்தின் இடைவெளி இரண்டே அடி. உள்ளே ஏறி நின்றால் கூரை தலையில் தட்டும். துரு சுரண்ட அதன் வயிற்றுக்கு அடியில் படுத்துக் கிடந்தேன். பெரிய ரயில்களைப் பார்த்து எனக்கு ஒன்றும் தோன்றியதில்லை. இதைப் பார்த்தபோது, இதை நாமே செய்யலாம் என்று தோன்றியது. டேப் பிடித்து அளந்தேன். போனில் எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொண்டேன்.

அடிக்கு ஓர் அங்குலம் என்று கணக்கு வைத்தேன். அப்படியானால் அங்குலத்துக்கு ஒரு நூல் என்று வாய் தானாகச் சொன்னது. பட்டறையில் அளவு சொல்வதே அப்படித்தான்: அடி, அங்குலம், நூல். பெரிய சாமான்கள் ஒழுங்காக வந்தன. சின்னச் சாமான்கள் எல்லாம் பெருத்துப் போயின. டிரைவர் பிடித்து ஏறும் கைப்பிடி உலக்கை மாதிரி நின்றது. அடிக்குப் பன்னிரண்டு அங்குலம், ஆனால் அங்குலத்துக்கு எட்டே நூல் என்பது மண்டையில் ஏற வெகுநாள் பிடித்தது. எல்லாவற்றையும் மறுபடி அரம் போட்டுத் தேய்த்தேன்.

பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிலிண்டருக்கும் பழைய பம்ப் ஸ்டவ்வின் பித்தளைக் குழாயை அறுத்தேன். சட்டம் இரும்புத் தகடு. சக்கரம் மட்டும் லேத்தில் கடைந்தது.

சிதம்பரத்தில் அக்கா வீடு. மாமா பைபாஸ் ஓரம் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். நான் பையை இறக்கியதும் அக்கா சோறு போட்டாள். சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்துதான் கேட்டாள்.

"இதுவும் போச்சா?"

"பிரேக்கு."

"உனக்குப் பள்ளிக்கூடத்துலேருந்து பிரேக்குதான்டா."

மாமா ஏற்கெனவே ஏற்பாடு செய்திருந்தார். சென்னையில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் செக்யூரிட்டி வேலை. தங்க இடம் உண்டு. திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து கேட்டைத் திறந்து மூடும் வேலை. வெயிலும் பசியும் எனக்குப் பழக்கம். உட்கார்ந்திருப்பதுதான் முடியாது.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் டைம் குடு மாமா. இந்த என்ஜின் ஓடுச்சுன்னா நான் இங்கியே ஒரு வேலைய பாத்துக்கறேன். ஓடலன்னா சென்னைக்குப் போறேன்."

மாமா லுங்கியைப் பிரித்துப் பார்த்தார். "தள்ளிவுட்டு ஓடுதுன்னு சொல்லக் கூடாது மச்சான். விரல் படக் கூடாது."

"படாது."

"எழுதிக் குடுக்கவே வேணாம். உங்கக்கா சாட்சி."

கடையின் பின்பக்கம் இடம் கொடுத்தார். காயலான் கடையில் கிடைத்த செம்புக் குழாய் பாய்லர் ஆனது. ஆலை என்ஜினில் பாய்லர் மேல் குமிழ் மாதிரி ஒன்று இருக்கும். அதற்குப் பழைய குக்கர் வெயிட் அச்சாகப் பொருந்தியது. கேட்டவுடன் அக்கா எடுத்துக் கொடுத்தாள். "எனக்கு ஒரு நாளும் நேரத்துக்கு விசில் அடிச்சதில்ல. உனக்காவது ஒழைக்கட்டும்."

பாய்லர் பார்வைக்குத்தான். நெருப்புக்குப் பதில் கடை கம்ப்ரசரிலிருந்து மெல்லிய டியூபில் காற்று. அது ஒவ்வொரு சிலிண்டரிலும் பிஸ்டனை முன்னும் பின்னும் தள்ளும், பிஸ்டன் சக்கரத்தைச் சுற்றும். ஒரு பலகையில் இரண்டு இரும்புக் கம்பிகளை அடித்துத் தண்டவாளம் ஆக்கினேன்.

சனிக்கிழமை காலை காற்றைத் திறந்தேன். புஸ் என்றது. நின்ற இடத்தில் நின்றது. சக்கரத்தை விரலால் ஒரு தட்டு தட்டினால் கடகடவென்று ஓடியது. நிறுத்தி மறுபடி திறந்தால் சில சமயம் கிளம்பியது, பல சமயம் அப்படியே நின்றது.

கடலோரம் இருக்கும் கிள்ளையிலிருந்து படகு மெக்கானிக் ஒருவர் பைக்குக்குப் பஞ்சர் ஒட்ட வந்திருந்தார். குனிந்து பார்த்துவிட்டு, "இது எதுல ஓடும், டீசலா?" என்று கேட்டார்.

"ஆவில ஓடும்" என்றார் மாமா. "ஆவி இன்னும் எறங்கல. பூசாரிக்குச் சொல்லி அனுப்பியிருக்கோம்."

மெக்கானிக் சிரிக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். டயரை மாட்டியதும் போய்விட்டார்.

பிஸ்டனைக் கழற்றி எண்ணெய் விட்டேன். காற்றைக் கூட்டினேன். அக்கா என் சட்டைகளைத் துவைத்து மடித்து வைத்துவிட்டாள், சென்னைக்கு.

சாயங்காலம் மாவு வாங்கி வர அக்காவின் சைக்கிளில் போனேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. திறந்ததும் பெடல் மேல் ஏறி நின்று அழுத்தினேன். சைக்கிள் அசையவில்லை. ஒரு பெடல் நேர் மேலே, ஒரு பெடல் நேர் கீழே. பின்னால் ஆட்டோக்காரர், "என்னாண்ணா, நின்னுகிட்டே போறேன்னு வேண்டுதலா?" என்றார். தரையில் காலை ஊன்றி ஒரு உந்து உந்தியதும் சைக்கிள் நகர்ந்தது.

கேட்டைத் தாண்டி ஓரமாக நிறுத்தினேன். என் என்ஜினின் இரண்டு பக்கத்தையும் நான் சைக்கிள் பெடல் மாதிரியேதான் வைத்திருந்தேன். இடது மேலே என்றால் வலது கீழே, இடது முன்னால் என்றால் வலது பின்னால். அப்படி முன்னும் பின்னுமாக நின்றால் இரண்டு பிஸ்டனும் ஒரே நேரத்தில் முட்டி நிற்கும், காற்று தள்ளினாலும் சக்கரம் சுற்றாது. சைக்கிளுக்கு ஊன்றிக்கொள்ள என் கால் இருக்கிறது. என்ஜினுக்குக் கால் ஏது?

போனை எடுத்துப் பழைய படங்களைப் பார்த்தேன். ஆலை என்ஜினில் இடது பக்கக் கம்பி கீழே இருந்தது. வலது பக்கம் கீழேயும் இல்லை, மேலேயும் இல்லை, முன்னால் இருந்தது. கால் சுற்று வித்தியாசம். ஒரு பக்கம் முட்டி நின்றாலும் மறுபக்கம் தள்ளிவிடும். முதலிலேயே இதைக் கவனித்திருந்தேன். காட்சிக்கு வைத்தவர்கள் தெரியாமல் மாட்டிவிட்டார்கள் என்று நினைத்து, என் என்ஜினில் நானாகத் திருத்தியிருந்தேன். தனியாகச் சிரித்துவிட்டேன். மாவு வாங்க மறந்து திரும்பி வந்தேன், அதற்கு வேறு திட்டு.

ஞாயிறு காலை ஒரு பக்கச் சக்கரங்களின் திருகைத் தளர்த்தி, கால் சுற்று திருப்பி முடுக்கினேன். காற்றைத் திறக்கவில்லை. மாமாவையும் அக்காவையும் கூப்பிட்டேன். பைக் சாவியைக் கடையில் விட்டுப்போன ஆள் மாதிரி அவசரமாகக் கிள்ளை மெக்கானிக்கும் வந்து நின்றார். பஞ்சர் ஒன்றும் இல்லை, சும்மாதான் வந்தேன் என்றார்.

மாமா விடவில்லை. சக்கரத்தை அவரே உருட்டி, முந்தின நாள் எந்த இடத்தில் மாட்டிக்கொண்டதோ அதே இடத்தில் வைத்தார். "இப்ப வுடு."

இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். "நீயே தொற மாமா."

அவர் வால்வைத் திறந்தார். என்ஜின் ஒருமுறை இருமியது. பிறகு நகர்ந்தது. மெதுவாக, கம்பிகள் இரண்டு பக்கமும் மாறி மாறி எழுந்து தாழ, பலகையின் அந்தக் கடைசி வரை போய்க் கட்டையில் முட்டி நின்றது. மாமா திருப்பி எடுத்து வந்து வேறு இடத்தில் வைத்தார். ஓடியது. இன்னொரு இடம். ஓடியது. மேலே ஒரு ஸ்பேனரை வைத்தார். அதையும் சுமந்துகொண்டு ஓடியது. கடைக்கு வந்தவர்கள் காற்றடிக்கக் காத்திருந்தார்கள். மாமா கவனிக்கவே இல்லை.

"நகருங்க, நான் ஒருவாட்டி தொறக்கறேன்" என்று அக்கா வால்வைப் பிடித்தாள். ஓடி முடித்ததும் என்னைப் பார்த்து, "முடிச்சுட்டியேடா" என்றாள். என்னைப் பற்றி அந்தச் சொல்லை அவள் சொல்லி நான் கேட்டதில்லை.

மாமா தலையைச் சொறிந்தார். "சென்னைக்காரனுக்கு என்னா பதில் சொல்றது?"

"ஆளுக்கு வேல கெடச்சிருச்சுன்னு சொல்லுங்க" என்றார் கிள்ளை மெக்கானிக். "எங்கிட்ட இருந்தவரு சிங்கப்பூர் போயிட்டாரு. ரெண்டு படகு என்ஜின் பிரிச்சபடி கெடக்கு. இந்தச் சின்னதுக்காக வரல. நேத்து ஓடாம நின்னப்ப இவரு அத ஓங்கி ஒதைக்கல, அதப் பாத்தேன். அதுக்குத்தான் வந்தேன். வேல ஜாஸ்தி இருக்கும், பரவால்லியா?"

"பரவால்ல."

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கிள்ளைக்குப் போனேன். சதுப்புத் தண்ணீர் ஓரத்தில் தகரக் கொட்டகை. மெக்கானிக் டீ கூடச் சொல்லாமல் ஒரு வாளி டீசலையும் பிரஷ்ஷையும் என் பக்கம் தள்ளினார். கரையில் ஏற்றி வைத்த படகின் ப்ரொப்பல்லரில் வலைக் கயிறு இறுகச் சுற்றியிருந்தது. முழங்கால் சேற்றில் இறங்கி அதை அறுக்க ஆரம்பித்தேன்.