பண்ணைக்கீரை என்று கிள்ளிய பாத்தி

கோழிக்கொண்டைப் பூவின் நாற்றும் பண்ணைக்கீரையும் இளசில் ஒன்றுபோலவே இருக்கும். இதை நான் தெரிந்துகொண்டது கல்யாணமான வருடம், அறுபதுகளின் தொடக்கத்தில்.

திண்டுக்கல்லில் இருந்து அகரம் போகும் வழியில் ஒரு தோட்டத்து வீட்டுக்கு ஆனியில் வாழ்க்கைப்பட்டு வந்தேன். என் கணவரின் அண்ணன் குடும்பமும் அதே வீட்டில்தான். ஓரகத்தியை அக்கா என்று கூப்பிடுவேன். அவளுடைய ஐந்து வயது மகள் அந்தப் பங்குனியில் காய்ச்சலில் இறந்துபோயிருந்தாள். நான் பார்த்திராத பிள்ளை. என்ன சொல்லி ஆறுதல் சொல்வது என்று தெரியாமல் அக்காவிடம் பேச்சையே குறைத்துக்கொண்டேன்.

ஆடிக் கடைசியில் அக்கா கிணற்றடியில் ஒரு பாத்தி கட்டினாள். விதையை மணலோடு கலந்து தூவி, எறும்பு எடுக்காமலிருக்க ஓரத்தில் சாம்பல் போட்டு, தென்னங்கீற்றால் மூடி, கையாலேயே தண்ணீர் தெளித்தாள். என்ன விதை என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஒருநாள் காலையில் அவள் சந்தைக்குப் போயிருந்தாள். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள, வெஞ்சனத்துக்கு வீட்டில் ஒன்றுமில்லை. பாத்தியில் நெருக்கமாக நின்றது, நான் பிறந்த நத்தம் பக்கம் மழைக்குப் பிறகு காட்டில் தானாக முளைக்கிற பண்ணைக்கீரை. அப்படித்தான் நினைத்தேன். கொழுந்தாகப் பார்த்து மடி நிறையக் கிள்ளி, பருப்புப் போட்டுக் கடைந்தேன்.

மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டார்கள். "ஏப்பா, ஒம் பொண்டாட்டி வந்தப்புறம்தான் இந்த வீட்டுல கீரைக்கு உப்பு ஒறைக்குது" என்றார் கணவரின் அண்ணன். அக்கா சிரித்துவிட்டாள். நான் வந்த பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டாள்.

சாயங்காலம் தண்ணீர் தெளிக்கப் போனவள் வேலியோரம் நின்று கத்தினாள்.

"ஏடி, ஆட்ட அவுத்தா விட்ட? எம்புள்ள பூவத் தின்னுட்டுப் போயிருக்கே!"

"எம் ஆடு விடிஞ்சதுலருந்து கட்டுத்தறியிலதான் கெடக்கு. கண்ணிருந்தா வந்து பாரு!" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

அந்தச் சண்டையில்தான் எனக்கு எல்லாம் தெரிந்தது. போன வருடப் பூவை உள்ளங்கையில் தேய்த்து, கறுப்பு விதைகளைக் காலி தைல டப்பாவில் சேர்த்து வைத்தது அந்தப் பிள்ளை. ஐப்பசியில் கல்லறைத் திருநாள் வருகிறது. பிள்ளையின் முதல் கல்லறைத் திருநாள். அன்றைக்குக் கல்லறைக்குக் கொண்டுபோகத்தான் இந்தப் பூ. இனி விதை கிடையாது. இருந்து விதைத்தாலும் அதற்குள் பூக்காது.

நான் அடுப்படியைவிட்டு வெளியே வரவில்லை. இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள், சண்டை பொறுக்காமல் பக்கத்து வீட்டில் அந்த ஆட்டை விற்க அய்யலூர் சந்தைக்கு ஓட்டப்போகிறார்கள் என்று கணவர் சொன்னார். சோற்றுப்பானையை இறக்கிவைத்துவிட்டு அக்காவிடம் போனேன்.

"அக்கா, ஆடு இல்ல. நாந்தான். கீரைன்னு நெனச்சுக் கிள்ளிட்டேன்."

புடைத்துக்கொண்டிருந்த முறம் நின்றது.

"அன்னைக்குக் கடைஞ்சதா?"

தலையாட்டினேன்.

"நானும் தின்னேனே" என்றாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "போ, அவகிட்ட நீயே போய்ச் சொல்லு" என்றாள்.

வேலியோரம் நின்று சொன்னேன். "மூணு நாளா வாயில என்னடி வச்சிருந்த, கொழுக்கட்டையா?" என்று பக்கத்து வீட்டுக்காரி தெருவுக்கே கேட்கும்படி திட்டினாள். ஆடு சந்தைக்குப் போகவில்லை.

கிள்ளின இடத்துக்குக் கீழே நாற்றுகள் பக்கவாட்டில் துளிர்த்தன. அக்கா அவற்றைப் பிடுங்கிச் சாண் இடைவெளியில் நட்டாள். நான் தண்ணீர் இறைத்துக் கொடுத்தேன். தேவைக்கு மேல் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

கல்லறைத் திருநாள் அன்று செடிகள் இன்னும் கொண்டை விட்டிருக்கவில்லை. நுனியில் நகத்தளவு சிவப்புதான். மற்ற கல்லறைகளில் செவ்வந்தி மாலையும் மெழுகுவர்த்தியுமாக இருந்தது. அக்கா ஒரு செடியை மண்ணோடு பெயர்த்துக் கொண்டுவந்து பிள்ளையின் தலைமாட்டில் நட்டாள். தண்ணீர் ஊற்றலாமென்று செம்போடு குனிந்தேன். என் கையிலிருந்து அதை வாங்கி அவளே ஊற்றினாள்.

மார்கழியில் அது பூத்தது என்று கணவர் சொல்லித்தான் தெரியும். அக்கா தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். என்னையும் கூப்பிடுவாள் என்று அந்த மாதம் முழுக்க, ஞாயிற்றுக்கிழமைதோறும் நல்ல சேலையை உடுத்திக்கொண்டு காத்திருந்தேன்.