குழல் ஆறும் நேரம்

வெர்னா ஹாகன் குறிப்பலகையிலிருந்து காகிதத்தைக் கழற்றினாள். போன வசந்தத்தில் இருநூறு கஜத்திலிருந்து சுட்ட ஐந்து குண்டுகளின் துளைகளையும் ஒரு நாணயத்தால் மறைத்துவிட முடிந்தது. இன்று உள்ளங்கையை விரித்தாலும் மறைக்க முடியவில்லை.

கீழே குதிரைமசால் தீவன வயலில் தரையணில்கள் துளிரைக் கொறித்துக்கொண்டிருந்தன. இன்னும் மூன்று வாரத்தில் குட்டிகள் வளையிலிருந்து வெளியே வந்துவிடும். அதற்குள் அவற்றைக் குறைக்காவிட்டால் முதல் அறுப்பில் பாதி போய்விடும். அவளிடம் இருப்பது இந்த ஒரு துப்பாக்கிதான்.

அன்றே அதை எல்டனிடம் எடுத்துப்போனாள். மான்டானாவின் அந்தப் பக்கத்தில் துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பவர் அவர்தான். மெல்லிய கேமராவைக் குழலுக்குள் விட்டுத் திரையைப் பார்த்தார்.

"ஏம்மா, இதை அடுப்புல வெச்சு எடுத்தியா? தோட்டா அறைக்கு முன்னாடி காஞ்ச ஆத்துப்படுகை மாதிரி வெடிச்சுக் கெடக்கு. நிறுத்தாம எத்தனை சுடுற?"

"இருபது, முப்பது இருக்கும்."

"அடிப்பாவி! இருபது வருஷமா உங்க ரெண்டு பேர் குழலும் கெடலையே?"

அக்கா ஓப்பல் வெர்னாவோடு இருந்தவரை ஒருத்தி ஐந்து சுடுவாள், மற்றவள் தொலைநோக்கியில் பார்த்து, "வலது பக்கம் ரெண்டு அங்குலம் போச்சுடி, கண்ணு அவிஞ்சுபோச்சா?" என்பாள். பிறகு மாறிக்கொள்வார்கள். சிரித்துச் சண்டை போட்டு முடிப்பதற்குள் சுட்ட குழல் தானாக ஆறிவிடும். அறுபத்தொரு வயதில் ஓப்பல் கல்யாணம் செய்துகொண்டு, தன் துப்பாக்கியோடு அரிசோனாவுக்குப் போய்விட்டாள். தனியே சும்மா உட்கார முடியாமல் வெர்னா சுட்டுக்கொண்டே இருந்தாள்.

"பிரஷ் போட்டு தினமும் தேய்க்கிற போலருக்கே?"

"சாப்பிட்டப்புறம் வேற என்ன வேலை இருக்கு?"

எல்டன் அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "புதுக் குழல் வர இலையுதிர் காலம் ஆயிடும். தோட்டா அடைக்கறப்ப மருந்தை ரெண்டு கிரெயின் எடை குறை. குண்டைக் கொஞ்சம் வெளியே தள்ளி வெச்சு அடை. நூறு சுட்டப்புறம் தேய்ச்சாப் போதும், அதுவும் பின்பக்கத்துலேருந்து. அஞ்சு சுட்டா நிறுத்திடு. குழலைக் கையால பிடிச்சா கை சுடக் கூடாது, பத்து நிமிஷம் ஆகும், அப்பதான் அடுத்தது. இந்த சீசனை ஓட்டிடலாம்."

மறுநாள் காலை வெர்னா ஐந்து சுட்டாள். நான்கு அணில்கள் விழுந்தன. சந்தோஷமாகத் திரும்பினாள், சொல்ல ஆள் இல்லை. குழலுக்குள் காற்றுப் போகப் பின்பூட்டைத் திறந்து, துப்பாக்கியை வண்டியின் நிழலில் சாய்த்துவிட்டு ஓப்பலுக்கு போன் செய்தாள்.

"அக்கா, அஞ்சுக்கு நாலு!"

"அந்த அஞ்சாவதை உன் மூக்கைப் பார்த்தா சுட்ட?" ஓப்பல் சிரித்தாள். பின்னால் ஓர் ஆண் குரல் எதையோ கேட்டது. "சாவி உங்க பாக்கெட்லதான் இருக்கு! வெர்னா, நாங்க கெளம்பிட்டோம்டி. ஞாயித்துக்கெழமை பேசறேன்."

"இன்னும் கொஞ்சம்..." என்பதற்குள் அழைப்பு துண்டிக்கப்பட்டது. நான்கு நிமிடம்தான் ஆகியிருந்தது. குழலைத் தொட்டாள், சுட்டது.

பக்கத்திலேயே ஒரு கொழுத்த அணில் வளையை விட்டு எழுந்து, முன்கால்களை மார்பில் மடக்கிக்கொண்டு அவளைப் பார்த்தது. கை துப்பாக்கிப் பக்கம் போனது. கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இரு, இன்னும் ஆறு நிமிஷம் இருக்கு," என்று அதனிடம் சொன்னாள். "ஓடிடாத."