அக்கா அனுப்பிய பிரெஞ்சு கேசட்

அந்த டேப் ரெக்கார்டர் பட்டனில் எப்போதும் இறால் வாடை அடிக்கும்...

இறால் உரித்துக்கொண்டே அம்மா ஈரக்கையோடு அதை அமுக்குவாள். உள்ளே அக்காவின் குரல்.

"கடைக்குள்ள நுழைஞ்சதும் மொதல்ல போன்ஜூர் சொல்லணும்மா. அப்புறந்தான் இன்னா வேணும்னு கேக்கணும். கேக்கும்போது சில் வூ ப்ளே. குடுத்தா மெர்சி. சத்தமா பேசாத. எதையும் கையால தொடாத."

அக்காவைக் கட்டியவர் பாண்டிச்சேரிக்காரர். பாரிஸில் வேலை. அக்காவின் பிரசவத்துக்கு அம்மா போக வேண்டும். மீன் கூடையோடு பொன்னேரி பஸ் ஏறியதுதான் அதுவரை அவளுடைய தூரப் பயணம்.

பழவேற்காட்டில் டச்சுக் கல்லறை பார்க்க வரும் வெள்ளைக்காரர்களுக்கெல்லாம் போன்ஜூர் சொல்லிப் பழகினாள். எந்த நாட்டுக்காரர்களோ, பாவம்... சிரித்துவிட்டுப் போவார்கள்.

குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. பால் ஊற சுறா புட்டு செய்யவேண்டும் என்று, அக்காவோடு அங்கே மீன் சந்தைக்குப் போயிருக்கிறாள். மீனைப் பார்த்ததும் கேசட் மொத்தமும் மறந்துவிட்டது. நேராகப் போய் ஒரு மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டாள். வயிற்றையும் அமுக்கினாளாம்.

எங்கள் கரையில் செவுள் பார்க்காமல் வாங்குகிறவரைத்தான் கேலி செய்வார்கள். அங்கே கடைக்காரன் கத்தியிருக்கிறான். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்களாம்.

ஊருக்கு வந்ததும் அம்மா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

"அவன் கத்துனான் பாரு... உங்கக்கா எனக்காக இன்னாமா பேசுனா தெரியுமா! படபடன்னு பிரெஞ்சுல! அப்புறம் அவன் வாயே தொறக்கல."

கரையில் மீன் விற்கும் பெண்கள் அத்தனை பேருக்கும் இந்தக் கதை மனப்பாடம். அம்மாவுக்குப் பெருமை தாங்காது.

அம்மா போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகின்றன. இப்போது கைப்பேசியே எந்த மொழியையும் பேசிக் காட்டுகிறது. அன்று அவளுக்கு இருந்தது அந்த ஒரு கேசட்தான்.

போன வாரம் வீடியோ காலில் அக்கா வந்தாள். சிரிப்பாள் என்று நினைத்து நான்தான் அந்தக் கதையை எடுத்தேன்.

அவள் சிரிக்கவில்லை.

"அம்மாக்காக நான் பேசலடா... 'இந்தம்மா உங்ககூட வந்தவங்களா'ன்னு அவன் கேட்டான். 'இல்ல, யாருன்னே தெரியாது'ன்னு சொல்லிட்டேன்."

அக்கா திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அம்மா என் வாயையே பாத்துனு நின்னுச்சுடா... சிரிச்சிக்கினே."

அவளைத் திட்டவும் முடியவில்லை, தேற்றவும் முடியவில்லை.

அம்மாவோடு மீன் விற்றவர்கள் இன்னும் சிலர் கரையில் இருக்கிறார்கள். என்னைக் கண்டால் அந்தக் கதையைச் சொல்லச் சொல்வார்கள். முன்பெல்லாம் நடித்தே காட்டுவேன்.

இனி எந்த முகத்தோடு சொல்வது...