முடிக்கு ஏதும் சாப்பிடுகிறாளா என்று கேட்டவர்

செய்தி வந்தபோது கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு தாய்சேய் கிளினிக்கில், என் மகளின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தர்ஷினிக்கு எட்டாவது மாதம். உள்ளே எடை பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். எங்கள் பழைய ஆய்வுக்கூடத்து வாட்ஸ்அப் குழுவில் ஒரே ஒரு வரி வந்திருந்தது. டாக்டர் மனோன்மணி இன்று காலை காலமானார். காப்பி போட எழுந்தவர் நாற்காலியில் உட்கார்ந்தாராம், பிறகு எழவில்லை என்று அவருடைய தம்பி சற்று நேரத்தில் எழுதினார்.

எனக்கு முதலில் வந்தது துக்கம் அல்ல. இனி யாரைக் கேட்பேன் என்ற பயம்தான் வந்தது. இந்த அஞ்சலியை வாசிக்கும் உங்களில் பலர் அவரை நேசித்தவர்கள். உங்களிடம் பொய் சொல்ல விருப்பமில்லை. பல ஆண்டுகள் நான் அவரோடு பேசாமல் இருந்தவன். ஆய்வுக்கூடத்தில் அவருக்குப் ‘பயந்தாங்கொள்ளி டாக்டர்’ என்று பெயர் வைத்ததும் நான்தான்.

அந்தப் பெயருக்குக் காரணம் இருந்தது. பெண்களின் ஹார்மோன்கள் கர்ப்ப காலத்திலிருந்து மாதவிடாய் நிற்கும் வயதுவரை எப்படி ஏறி இறங்குகின்றன என்பதுதான் எங்கள் ஆய்வு. கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் வாழும் பெண்கள் ஆண்டுதோறும் வந்து இரத்தம் கொடுப்பார்கள். அதைக் கருவியில் போட்டு எண்ணாக மாற்றுவது என் வேலை. அந்த எண்ணை நம்பாமல் இருப்பது அவருடைய வேலை என்று நான் சொல்வதுண்டு. ஒரு குழாயில் எழுதிய பெயரை இரண்டு முறை வாய்விட்டுப் படிப்பார். ஒரு எண் விசித்திரமாக இருந்தால் கருவியிடம் போகமாட்டார், அந்தப் பெண்ணுக்கே போன் போட்டுவிடுவார். நான் ஒருநாள் கேலியாகக் கேட்டதற்கு, “பயந்தவதான் குணா ரெண்டாவது தடவ பாப்பா” என்றார். சிரிக்காமல் சொன்னார்.

சிரிக்கவும் தெரிந்தவர்தான். ஐம்பது வயதை ஒட்டி அவருக்கே உடம்பு திடீர் திடீரென்று கொதிக்கத் தொடங்கியபோது, மாதிரிகளை வைத்திருக்கும் குளிரறைக்குள் போய் நின்றுகொள்வார். ஒருமுறை இளம் ஆய்வாளர்கள் கண்ணாடி வழியே பார்த்துச் சிரித்துவிட்டார்கள். கதவைத் திறந்து, “என்னா சிரிப்பு? எத்தன மணிக்கு உள்ள போனேன், எப்ப வெளிய வந்தேன்னு குறிச்சு வைங்க லா. நாம எழுதுறதே இதத்தானே” என்றார். அன்று நானும் சிரித்தேன். அந்த நாட்களில் எங்களுக்குள் பகை இல்லை.

பகை ஒரு கட்டுரையால் வந்தது. மாதவிடாய் நிற்கும் வயதை நெருங்கும்போது ஏறவேண்டிய ஒரு ஹார்மோன், கிள்ளானிலிருந்து வந்த சில பெண்களுக்கு ஏறவே இல்லை. ஐம்பதை நெருங்கியவர்களின் இரத்தம் முப்பது வயதுக்காரியின் இரத்தம்போல் இருந்தது. எனக்குத் தூக்கம் போயிற்று. பெரிய கண்டுபிடிப்பு என்று நினைத்தேன். எழுதினேன். எனக்கு வரவேண்டிய பதவி உயர்வும் அந்தக் கட்டுரையை நம்பித்தான் இருந்தது.

அவர் அதை ஒரு மாதம் மேசையில் வைத்திருந்தார். சனிக்கிழமைதோறும் கொமுட்டர் ரயில் ஏறிக் கிள்ளானுக்குப் போய் அந்தப் பெண்களைத் தேடிப் பார்த்தார். முதல் இரண்டு வாரம் ஒன்றும் கிடைக்கவில்லை. மூன்றாவது வாரம், மாலை கட்டிக்கொண்டிருந்த ஒரு அக்கா, பேச்சுவாக்கில், முடி கொட்டுகிறது என்று சொல்லி இடுப்புப் பையிலிருந்து ஒரு மாத்திரை டப்பாவை எடுத்துக் காட்டியிருக்கிறார். ஹார்மோன் ஏறாத அந்தப் பெண்கள் எல்லோருக்கும் அதே டப்பாவை வீடு வீடாகப் போய் விற்றவர் ஒரே பெண். எங்கள் படிவத்தில் ‘மருந்து ஏதும் சாப்பிடுகிறீர்களா’ என்று ஒரு கேள்வி உண்டு. எல்லோரும் இல்லை என்றே எழுதியிருந்தார்கள். அவர்களைப் பொறுத்தவரை அது மருந்து அல்ல, வைட்டமின். மருந்து என்றால் வியாதிக்காரர்கள் சாப்பிடுவது.

அந்த மாத்திரையில் பயோட்டின் என்ற சத்து அளவுக்கு மிஞ்சி இருந்தது. எங்கள் கருவி ஹார்மோனைப் பிடிப்பதற்குப் பயன்படுத்துவதும் அதே பொருளைத்தான். இரத்தத்தில் அது நிறைய இருந்தால் கருவி ஏமாந்து, இருக்கும் ஹார்மோனைக் குறைத்துக் காட்டும். இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். படித்திருந்தேன். ஆனால் யாரிடமும் கேட்கவில்லை.

அவர் கூட்டத்தில் என்னைக் குறை சொல்லவில்லை. “நாம கேள்விய தப்பா கேட்டுட்டோம்” என்று மட்டும் சொல்லிக் கட்டுரையை நிறுத்தினார். அந்த ‘நாம’ என்ற சொல்லைக்கூட நான் மன்னிக்கவில்லை. என்னைக் காப்பாற்றுவதுபோல் நடித்து அமுக்கிவிட்டார் என்று நினைத்தேன். பதவி என்னைவிட இளையவர் ஒருவருக்குப் போனது. நான் ராஜினாமா செய்துவிட்டு காஜாங்கில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்தப் போனேன். என் மனைவி இறந்தபோது டாக்டர் வந்தார். பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தார். நான் அவர் பக்கமே திரும்பவில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், கல்யாணமான புதிதில், தர்ஷினி முதல்முறை கர்ப்பமானாள். வீட்டில் சோதித்துப் பார்த்து இரண்டு கோடு வந்தது என்று துள்ளினாள். ஏழாவது வாரம் வயிற்றுவலி, கொஞ்சம் இரத்தக்கசிவு. ஒரு தனியார் கிளினிக்கில் இரத்தம் எடுத்தார்கள். கர்ப்ப ஹார்மோன் மிகக் குறைவு, கரு தானாகவே கலைந்துவிட்டது, ஓய்வெடுக்கட்டும் என்று அனுப்பிவிட்டார்கள். மருமகனுக்கு ஜொகூரில் வேலை. பங்சாரிலுள்ள என் வீட்டில் அவளைப் படுக்க வைத்தேன். மத்தியானம் அவள் முகம் வெளுத்துக்கொண்டே போனது. அந்த எண் என் கையில் இருந்தது. எண்களைப் படித்தே வாழ்க்கை நடத்திய எனக்கு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. டாக்டர் மனோன்மணியை அழைத்தேன்.

“டாக்டர், குணசீலன் பேசுறேன்.”

“சொல்லு குணா.” நேற்றுதான் பேசியதுபோல் சொன்னார்.

சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, “பொண்ணு முடிக்கு ஏதும் சாப்பிடுதா?” என்று கேட்டார்.

உலகத்திலேயே அந்தக் கேள்வியை முதலில் கேட்டிருக்க வேண்டியவன் நான். அறைக்குள் எட்டிப் பார்த்துக் கேட்டேன். “கல்யாணத்துக்கு முன்ன இருந்தே சாப்பிடுறேன் பா. வைட்டமின்தானே, மருந்து இல்லையே” என்றாள்.

“அப்ப அந்த ரிசல்ட்ட கிழிச்சுப் போடு” என்றார் டாக்டர். “கரு போயிடுச்சுன்னு யாரு பாத்தா? கொழாய்ல நின்னுருந்தா வெடிச்சிரும். கார்ல ஏத்தி ஆஸ்பத்திரிக்குப் போ, ஸ்கேன் எடு. நான் அங்க வந்துர்றேன்.”

கரு, கருப்பைக்குப் போகும் குழாயில்தான் இருந்தது. வயிற்றுக்குள் இரத்தம் கசியத் தொடங்கியிருந்தது. அன்று மாலையே அறுவைச் சிகிச்சை செய்து ஒரு பக்கக் குழாயை எடுத்தார்கள். வீட்டிலேயே படுத்திருந்தால் பிழைத்திருக்கமாட்டாள் என்று மருத்துவர் சொன்னார். டாக்டர் மனோன்மணி என் மகளின் தலைமாட்டில் உட்கார்ந்து, “ஒரு கொழாய் போதும்மா, எத்தனையோ பேரு பெத்துருக்காங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் என்னிடம், “அன்னிக்கு உன் பேப்பர நிறுத்துனப்ப எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு குணா. என் பேரும் அதுல இருந்துச்சுல்ல” என்றார். அவருக்கும் அதனால் ஏதோ கைநழுவிப் போயிருந்தது என்பதை அப்போதுதான் முதன்முறையாக யோசித்தேன்.  அப்போதும் நன்றி சொல்லவில்லை. அதன்பிறகு சந்தேகம் வந்தபோதெல்லாம் அவரை அழைத்திருக்கிறேன். இந்தக் கர்ப்பத்தில் மட்டும் எத்தனை முறை அழைத்தேனோ தெரியாது. ஒருமுறைகூட நன்றி சொன்னதில்லை.

இறுதிச் சடங்கு சாலாக் செலாத்தானில் அவருடைய வீட்டில் நடந்தது. கிள்ளானிலிருந்து ஒரு வேன் நிறையப் பெண்கள் வந்திருந்தார்கள். அந்த முடி மாத்திரை விற்ற பெண்ணும் அவர்களில் இருந்தார். “என் யாவாரத்தையே கெடுத்துட்டாங்க அண்ணே. அவங்க வந்து போன பொறவு ஒரு டப்பா விக்கல” என்றார் என்னிடம். கொஞ்சம் கழித்து, “என் மகளுக்கு பிரசவத்துல வலிப்பு இழுத்துக்கிட்டப்ப அவங்களுக்குத்தான் போன் போட்டேன்” என்று அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. இத்தனை பேர் ஒரே போன் எண்ணை நம்பி வாழ்ந்திருக்கிறோம், இனி அந்தப் போனை யாரும் எடுக்கமாட்டார்கள் என்று கணக்குப் போட்டுக்கொண்டு நின்றேன்.

அதற்கு இரண்டு நாள் கழித்து, அதாவது நேற்றுக் காலை, தர்ஷினி தலை வலிக்கிறது என்றாள். அழுததால் இருக்கும் என்று அவளே சொன்னாள். முகமும் சற்று உப்பியிருந்தது. கிளினிக்கில் மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிடும் நர்ஸ் இரத்த அழுத்தம் பார்த்தார். கொஞ்சம் கூடத்தான், ஆனால் எல்லைக்குள் இருக்கிறது என்று கர்ப்பிணிகளுக்கான பிங்க் பதிவுப் புத்தகத்தில் எழுதி மூடினார். வெளியே நீண்ட வரிசை. நான் போகாமல் நின்றேன். சிறிது நேரம் உட்கார வைத்து இன்னொரு முறை பார்க்க முடியுமா என்று கேட்டேன். தர்ஷினி வெட்கத்தோடு என் சட்டையை இழுத்தாள்.

“அங்கிள் டாக்டரா?” என்றார் மிஸ்ஸி.

“இல்ல மிஸ்ஸி. பயமா இருக்கு.”

அவர் சிரித்துக்கொண்டே மறுபடி பட்டையைச் சுற்றினார். சிரிப்பு பாதியில் நின்றது. மூன்றாவது முறை நான் கேட்காமலேயே பார்த்தார். அழுத்தம் எல்லையைத் தாண்டியிருந்தது, சிறுநீரிலும் புரதம் இருந்தது. அங்கிருந்து நேராக ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். வலிப்பு வராமல் இருக்க ஊசி வழியாக மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது. அழுத்தம் இறங்கினால் குழந்தைக்கு இன்னும் சில நாள் கொடுப்பார்களாம். இறங்காவிட்டால் இன்றே எடுத்துவிடுவார்களாம்.

இதை வார்டுக்கு வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது எது என்று கேட்டால், அவருடைய பயம் என்றுதான் சொல்ல முடியும். அதை ஒரு கோழையின் குணம் என்று எண்ணிப் பல ஆண்டுகளை வீணாக்கினேன். என் கோபமும் முழுதாகப் போய்விடவில்லை. இன்று அழைத்தால் போனை எடுக்க அவர் இல்லையே என்று அவர்மீதே கோபமாக இருக்கிறது. மரியாதை தெரிந்தவர்கள் மன்னியுங்கள்.

ஆறு மணிக்கு மறுபடி அளப்பார்கள். இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது. எழுந்து கதவருகே போய் நிற்கிறேன்.