கூட வெட்டிய துண்டு

யுத்தம் முடிந்த அடுத்த தை மாதம் நான் மட்டக்களப்புக்கு லீவில் வந்தேன். பாரிஸில் ஒரு பேக்கரியில் மாக் குழைக்கிறவன் நான். பதினொரு வருடம் கழித்து அக்காவைப் பார்க்க வருகிறவன் சோப்பும் சொக்லேட்டும் கொண்டுவந்தால் போதாதா? போதாது என்று எனக்கு ஒரு வீம்பு. தை பிறந்ததும் பிரான்ஸ்காரர் வீட்டுக்கு வீடு தின்கிற ராஜா கேக்கை என் கையாலேயே சுட்டு, பெட்டியில் வைத்து, கம்பளிச் சட்டையில் சுற்றி, விமானத்தில் மடியை விட்டு இறக்காமல் கொண்டுவந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் சாமிப் படம் என்று நினைத்திருப்பார்.

பார்த்தால் கேக் என்று யாரும் சொல்லமாட்டார்கள். வட்டமாக, தட்டையாக இருக்கும். வெண்ணெய் வைத்து மடித்து மடித்து உருட்டிய மாவுக்கு நடுவே பாதாம் விழுது. ஐசிங் கிடையாது. அக்கா வீட்டில் சூடாக்க வசதி இல்லாததால் காத்தான்குடியில் ஒரு பேக்கரிக்குக் கொண்டுபோனேன். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் ஊரில் காக்கா என்போம்; அங்கிருந்த காக்கா பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என்ன தம்பி, பிரான்சுக்குப் போய் பராட்டா போடவா படிச்ச?"

எனக்கு வந்ததே கோபம். "திண்டு பாருங்க காக்கா, பிறகு கதைங்க" என்றேன். உதிர்ந்து கிடந்த ஒரு செதிலை வாயில் போட்டவர் விரலை நக்கிக்கொண்டு இன்னொன்றையும் பொறுக்கினார். பிறகு, "அடேயப்பா, பட்டரை ஊத்தித்தான் குழைச்சிருக்கா" என்றார். சூடாக்கி வாங்கிக்கொண்டு அந்தச் சந்தோசத்தோடு பஸ் ஏறினேன்.

அக்காவின் பழைய வீடு கடற்கரையில் இருந்தது. சுனாமியில் வீடும் போய், அத்தானும் போய்விட்டார். பிறகு வாவிப் பக்கமாகக் கட்டிக்கொடுத்த இரண்டறை வீட்டில் பிள்ளைகள் இரண்டு பேரோடும் இருந்தாள். மூத்தவன் யுத்தம் முடிவதற்கு முந்தின வருடம் செங்கலடிக்கு டியூஷனுக்குப் போனான். திரும்பி வரவில்லை. யார் பிடித்தார்கள், எங்கே கொண்டுபோனார்கள், ஒன்றும் தெரியாது. அவன் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அக்கா ஏறாத வாசல் இல்லை.

சுனாமிக்கு அடுத்த வருடமே அவள் போனில் கேட்டிருந்தாள். "தம்பி, இவன எப்பிடியாவது அங்க எடுத்திரு மனே." நான், "ஏ.எல். சோதனை முடியட்டும் அக்கா, பார்ப்பம்" என்றேன். வெளிநாட்டில் இருக்கிற நாங்கள் இல்லை என்று சொல்லமாட்டோம், பார்ப்பம் என்போம். அப்போது எனக்கு வழி இருந்தது. பாழாய்ப்போன சோம்பல், வேறொன்றும் இல்லை.

அன்று பின்னேரம் வாவிக் காத்து நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. நிவாரணத்தில் கிடைத்த பிளாஸ்டிக் மேசையில் கேக்கை வைத்து விளையாட்டை விளக்கினேன். உள்ளே எங்கேயோ ஒரு சின்னப் பீங்கான் பொம்மை இருக்கிறது. அது யாருடைய துண்டில் வருகிறதோ அவர்தான் ராஜா, கடதாசிக் கிரீடம் அவருக்கு. வீட்டில் இளைய ஆள் மேசைக்குக் கீழே இருந்து எந்தத் துண்டு யாருக்கு என்று சொல்லவேண்டும். அக்காவின் மகளான பதினொரு வயது மருமகள் நான் சொல்லி முடிக்கமுதல் மேசைக்குக் கீழே போய்விட்டாள்.

எட்டுப் பேர் தின்கிற கேக்கை நாலாக வெட்டினேன். நாங்கள் மூன்று பேர்தான். "ஒண்டு கூட வெட்டுறது அவங்கட வழக்கம். வாசலுக்கு வாற ஏழைக்கு" என்றேன்.

"இது ஆருக்கு?"

"அம்மாக்கு!"

"இது?"

"எனக்கு. அடுத்தது மாமாக்கு."

"அப்ப இது?"

"அது அண்ணாக்கு."

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் முகம் மலர்ந்துபோயிருந்தது. "ஓம், அவனுக்குத்தான். எடுத்து வை தம்பி" என்றாள்.

தின்றோம். அக்கா விரலில் ஒட்டினதைக்கூட விடவில்லை. "இந்தப் பராட்டாவுக்கு ஒரு சம்பல் இருந்தா இன்னும் நல்லாயிருக்கும்" என்று அவளும் என்னைச் சீண்டினாள். பொம்மை மருமகளின் பல்லில் கடிபட்டது. கிரீடம் பெரிதாக இருந்ததால் அது மூக்கில் வந்து நிற்க, அக்கா கண்ணில் தண்ணி வரச் சிரித்தாள். பிறகு தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனாள்.

அதற்குள் நாலாவது தட்டுக்கு எறும்பு வந்துவிட்டது. தட்டித் துடைத்துவிட்டு, உயரமாக ஒரு இடம் தேடி, சுவர்த்தட்டில் வைத்தேன். அத்தானின் படம் இருக்கிற தட்டு அது. சுனாமி நினைவு நாளுக்குப் போட்ட மாலை இன்னும் கழற்றப்படாமல் இருந்தது. பக்கத்தில் விளக்கு.

தேத்தண்ணியோடு வந்த அக்கா நடுவழியில் நின்றாள்.

"ஆரடா உன்ன அங்க வைக்கச் சொன்ன?"

"எறும்பு அக்கா..."

"உயிரோட இருக்கிறவனுக்கு ஆரும் படைப்பாங்களா?"

அந்தச் சுவர்த்தட்டில் அவள் வருடா வருடம் அத்தானுக்குச் சோறும் நண்டுக் கறியும் படைக்கிறாள். மகனுக்கு ஒரு பிடி சோறு அங்கே வைத்ததில்லை. செத்தவர் படத்துக்கு முன்னால் சாப்பாடு வைத்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? பதினொரு வருடத்தில் மறந்து போகிற விசயமா அது?

அக்கா கேக் தட்டை இறக்கினாள். ஒரு சட்டியில் தண்ணி ஊற்றி, நடுவில் ஒரு கோப்பையைக் கவிழ்த்து, அதன்மேல் துண்டை வைத்து மூடினாள். எறும்புக்கு எங்கள் ஊரில் எல்லோரும் செய்கிற வேலை அது. எனக்கும் தெரியும், சின்ன வயதில் நானே செய்திருக்கிறேன். ஆனால் என் கை அந்தப் படத்தடிக்குத்தான் போனது.

அவள் என் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்தாள்.

"அவன் செத்துட்டான் எண்டுதானே நீ நினைக்கிறா? சொல்லு மனே."

இல்லையக்கா, அவன் வருவான். மூன்றே சொல். வாயில் வரவில்லை. ஒரு வருடத்துக்கு முதலே அப்படித்தான் நினைத்துவிட்டேன், மனைவியிடம் சொல்லியும் இருக்கிறேன். அக்காவின் தலையில் கை வைத்துக்கொண்டு பொய் சொல்லப் பயந்தேன். இப்போது நினைத்தால் என்னை நானே அறையவேண்டும் போலிருக்கிறது. ஒரு பொய்தானே, சொல்லியிருக்கலாம்.

"சரி" என்று கையை எடுத்துவிட்டாள்.

அதற்குப் பிறகும் ஒவ்வொரு ஞாயிறும் போனில் பேசுகிறோம். குளிர் எப்படி, பிள்ளைகள் எப்படி, வயல்வட்டையில் நெல் எப்படி, எல்லாம் கேட்பாள், சொல்வாள். அவனைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. போன மாதம் போனை எடுத்தவள் மருமகள். அம்மா எங்கே என்று கேட்டேன்.

"அண்ணாவப் பத்தி ஒரு ஆள் தகவல் சொன்னவராம், அங்க போயிருக்கா" என்றவள், உடனே குரலைத் தாழ்த்தினாள். "நான் சொன்னன் எண்டு காட்டிக்கொள்ளாதீங்க மாமா. அம்மா உங்களுக்கு மட்டும் சொல்லவேணாம் எண்டவ."