பன்னீர் தெளிக்க ஒரு வக்கீல்

போன மாதம் கடலூரில் ஒரு விழா. பெண் வழக்கறிஞர்களுக்குத் தன்னம்பிக்கை ஊட்டும் விழா. 'ஊட்டும்' என்றுதான் பேனரில் போட்டிருந்தார்கள். என்னவோ பருப்புச் சாதம் பிசைந்து வாயில் வைப்பதுபோல!

பேச என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மேடை ஏறிப் பார்த்தால் வரிசையாக ஆண்கள். ஓரத்தில் எனக்கொரு நாற்காலி. சரி, பெண் வக்கீல்கள் எங்கே? வாசலில்! ஒரே நிறப் பட்டுப்புடவை, கையில் சந்தனக் கிண்ணம், பன்னீர்ச் செம்பு. சட்டம் படித்து, கறுப்புக் கோட்டு மாட்டி, வருஷக்கணக்கில் கோர்ட் படி ஏறி இறங்கியவர்கள்... வருகிறவர்கள் தலையில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள்.

அங்கே ஸ்டெல்லாவைத் தேடினேன். கடலூர் முதுநகர்ப் பெண், எங்கள் பக்கத்துத் தெரு. அந்த வீட்டின் முதல் வக்கீல். விழாத் தலைவர்தான் அவளுடைய சீனியர். ஆனால், ஆளைக் காணோம்.

சீனியர் மைக்கைப் பிடித்தார். "பெண்கள் தயங்கக் கூடாது! கிரிமினல் வழக்குகளையும் துணிந்து கையில் எடுக்க வேண்டும்!" கைதட்டல்.

இந்த மகானுபாவர் ஸ்டெல்லாவுக்கு இத்தனை வருஷமாகக் கொடுத்தது என்ன? விவாகரத்து, ஜீவனாம்சம். கிரிமினல் வழக்கு என்றால் மனு எழுதுவது அவள், வாதாடுவது அவர். அவர் வர முடியாத நாளில்? அவள் எழுந்து நின்று, "வேறு தேதி கொடுங்கள்" என்று வாய்தா கேட்டுவிட்டு உட்கார வேண்டும். அதற்கு எதற்கு ஐந்து வருஷச் சட்டப் படிப்பு?

பேச்சு முடியும் நேரத்தில் ஸ்டெல்லா உள்ளே வந்தாள். பட்டுப்புடவை இல்லை, கறுப்புக் கோட்டு. வியர்த்து வழிந்தது. ஆனால், முகத்தில் அப்படியொரு சிரிப்பு!

காலையில் நடந்ததைப் பிறகு என்னிடம் சொன்னாள்.

சிதம்பரம் பக்கத்துக் கடலோர ஊரான கிள்ளையில் படகு ஓட்டும் ஒருவர் அடிதடி வழக்கில் சிறையில் இருந்தார். சண்டையை விலக்கப் போன மனிதர். அவரையும் சேர்த்துப் பிடித்திருந்தார்கள். அன்று கடலூர் கோர்ட்டில் அவருடைய ஜாமீன் மனு. முந்தின நாளே சீனியர் போன் செய்திருக்கிறார்.

"வாய்தா வாங்கிட்டு சீக்கிரம் மண்டபத்துக்கு வந்துடும்மா. வரவேற்புல ஆள் கம்மி. பட்டுப்புடவைய மறந்துடாத."

பெண் வக்கீல்களைக் கிரிமினல் வழக்குக்கு அழைத்துப் பேசப் போகிறவர், அந்தப் பேச்சுக்காகவே ஒரு பெண் வக்கீலின் கிரிமினல் வழக்கைத் தள்ளிப்போடுகிறார். என்ன ஒரு சேவை!

கோர்ட் வராண்டாவில் படகுக்காரரின் மனைவி கவிதா காத்திருந்தாள். நிறைமாதம். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"அக்கா, பெரிய வக்கீல் வரலியா?"

"வரலம்மா."

"அப்ப இன்னிக்கும் வாய்தாவா? புள்ள பொறக்கறதுக்குள்ளயாச்சும் அவுரு வந்துடுவாராக்கா?"

ஸ்டெல்லா கையிலிருந்த மனுவைப் புரட்டினாள். ஒவ்வொரு வரியும் அவள் எழுதியது. ஆனாலும், சீனியர் சொல்லை மீறினால் என்ன ஆகும் என்று தெரியாதா?

வழக்கை அழைத்தார்கள். நீதிபதி நிமிர்ந்து பார்த்தார்.

"சீனியர் வரலியாம்மா? தள்ளி வைக்கணுமா?"

"வேணாங்கய்யா. நானே வாதாடறேன்."

அரசு வக்கீல் சிரித்திருக்கிறார். அந்தச் சிரிப்பு முடியட்டும் என்று காத்திருந்துவிட்டு ஆரம்பித்தாள். அடிபட்டவர் குணமாகி வீடு திரும்பிவிட்டார். இவர் யாரையும் அடித்ததாகப் புகாரிலேயே இல்லை. இதற்கு முன் எந்த வழக்கும் கிடையாது. பிரசவத்துக்குக் காத்திருக்கும் மனைவியை விட்டு எங்கே ஓடப்போகிறார்? அரசு வக்கீல் எதிர்த்தார். நீதிபதி குறுக்கே குறுக்கே கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள்.

ஜாமீன் கிடைத்தது. கவிதா அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லையாம்.

அந்தச் சந்தோஷத்தோடுதான் மண்டபத்துக்கு வந்திருக்கிறாள். சீனியர் மேடையோரம் வந்து அவளிடம் சீறியது என் காதிலும் விழுந்தது.

"எங்கம்மா போன இவ்ளோ நேரம்?"

"கிள்ளை கேஸ்ல பெயில் கெடச்சிடுச்சு சார்!"

"உன்ன வாய்தா தான வாங்கச் சொன்னேன்?"

"அந்தப் பொண்ணு நெறமாசமா இருக்கு சார்..."

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. நேராக மைக்குக்குப் போனார். "என் ஜூனியர் இன்று ஒரு ஜாமீன் வாங்கியிருக்கிறார். எல்லாம் நான் சொல்லிக்கொடுத்தபடி!"

மறுபடி கைதட்டல். அடுத்துப் பேச வேண்டியவள் நான். "இவர் சொல்லிக்கொடுத்தது வாய்தா. அவள் வாங்கியது ஜாமீன்" என்றேன். இந்தமுறை கைதட்டல் வாசல் பக்கத்திலிருந்து மட்டும் வந்தது. ஆனால், பலமாக.

திங்கட்கிழமை ஸ்டெல்லா ஆபீஸ் போனபோது அவளுடைய வழக்குக் கட்டுகள் இன்னொரு ஜூனியரின் மேஜையில் இருந்தன. அந்த ஜூனியர் ஆண் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

"உனக்குத் தன்னம்பிக்கை ஜாஸ்தியாயிடுச்சும்மா" என்றாராம் சீனியர்.

ஓஹோ... அளவோடுதான் ஊட்டுவார்கள் போலிருக்கிறது!

"பஸ் ஸ்டாண்ட்ல நின்னு அழுதேங்க்கா. எல்லாரும் பாத்தாங்க" என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சிதம்பரம் பஸ்ஸில் ஏறியிருக்கிறாள். அங்கே ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் சொந்த ஆபீஸுக்கு அறை பார்த்துவிட்டாள். பெஞ்சைத் தோளில் சுமந்து மாடியேற்றியவர் கிள்ளை படகுக்காரர். பெண் குழந்தை பிறந்திருக்கிறது. பிரசவத்தின்போது அவர் கூடவே இருந்தாராம்.

பெண்களுக்குத் தன்னம்பிக்கை இல்லை என்று விழா எடுப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். பேனர் வேண்டாம், பன்னீர் வேண்டாம். கையில் வழக்கைக் கொடுத்துவிட்டு, வழியை விட்டு நகர்ந்து நில்லுங்கள். போதும்.

போன வாரம் ஸ்டெல்லாவின் அறைக்குப் போயிருந்தேன். வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் மாடியேறி வந்தார். மேஜைக்குப் பின்னால் இருந்தவளைப் பார்த்தார். அறையைச் சுற்றும்முற்றும் பார்த்தார்.

"வக்கீல் எப்பம்மா வருவாரு?"

"வக்கீல் வந்தாச்சுங்க. நீங்க உக்காந்து விஷயத்த சொல்லுங்க."

தயங்கினார். என்னைப் பார்த்தார். பிறகு மெல்ல உட்கார்ந்தார்.

பாவம்... தன்னம்பிக்கை வர ஆண்களுக்குக் கொஞ்சம் நேரமாகும்!