கீறலிட்ட பிரேக் பேடுகள்

எண்பதுகளின் இறுதியில், ஓசூரில், பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினேன். வேகம் கூட்ட வேண்டி, ஏர் ஃபில்டரையும் சைலன்சரையும் மாற்றித் தருமாறு சூளகிரிச் சாலையோர மெக்கானிக்கிடம் கேட்டேன்.

"அது அப்புறம் சார். முதல்ல பிரேக் பேடு, டயரு. ஓடற வண்டி நிக்க வேணாமா?" என்றார்.

தொழிற்சாலையில் தரச் சோதனை என் பணி. சந்தேகம் என் இயல்பாகவே ஆகியிருந்தது. பழைய பேடுகளையே துடைத்து மாட்டிவிடுவார் என்று எண்ணி, வீட்டில் முன் சக்கரங்களைக் கழற்றி, பேடுகள் நான்கிலும் ஆணியால் கீறிய பிறகே வண்டியை அவரிடம் விட்டேன்.

மூன்றாம் நாள், கழற்றிய பாகங்களை வழக்கப்படி சாக்கில் போட்டுக் கொடுத்தார். அங்கேயே பிரித்தேன். பழைய பேடுகள் நான்கிலும் என் கீறல் இருந்தது.

அவர் சிரித்தார். "கீறுனது நீங்கதானா சார்? நீங்க வர்றதுக்கு முந்தியே உங்க வீட்டம்மா வந்தாங்க. 'அவரு வேகத்தைத்தான் கேப்பாரு, நீங்க பிரேக்கைப் பாருங்க'ன்னு சொல்லிட்டுப் போனாங்க."

வீட்டில் என் மனைவி, "வண்டி எப்படி?" என்று மட்டும் கேட்டாள்.

"நன்றாக நிற்கிறது" என்றேன்.

அதற்குமேல் நாங்கள் அதைப் பேசியதில்லை. பேசியிருக்கலாம் என்பது அவள் மறைந்த பிறகே தெரிகிறது.